ரிக்ஷாக்காரர் முதல் வாத்தியார் வரை

மெட்ராஸ் பாஷையைத் திரையில் நிலைநிறுத்திய நடிகர் யார் என்று கேட்டால், பழைய படம் பார்த்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஜே.பி. சந்திரபாபு. அவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் படித்து, வாலிப வயதில் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். 1958-ல் பி.ஆர். பந்துலு இயக்கிய ‘சபாஷ் மீனா’வில் சிவாஜி கணேசனோடு நடித்த அவருக்கு இரண்டு வேடம். அதில் ஒன்று ரிக்ஷா இழுப்பவர். மேல்நாட்டுப் பாணியில் பாடியும் ஆடியும் பெயர் வாங்கியிருந்த மனிதர், அந்த ரிக்ஷாக்காரராக வாய் திறக்கும்போது வால்டாக்ஸ் ரோட்டு ஸ்டாண்டிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார். சொற்கள் மட்டும் வந்திருந்தால் அது மிமிக்ரி. அவரிடம் மூச்சும் வந்திருந்தது. வண்டி இழுத்துக் களைத்தவன் வாக்கியத்தின் நடுவில் எங்கே நிறுத்துவான், எங்கே ஒரு எழுத்தை விழுங்குவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது டோல்கேட். தண்டையார்பேட்டை முடிந்து திருவொற்றியூர் தொடங்குகிற இடத்தில், நகர எல்லையில் வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய சாவடி இருந்ததால் வந்த பெயர். சாவடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்டபோது எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. என் தொழில் டப்பிங். கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவள் இல்லை. தண்ணி லாரியைச் சுற்றி நிற்கும் பெண்கள், சாவு வீட்டில் அழுகிறவர்கள், மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவர்கள் என்று கும்பலுக்குக் குரல் கொடுப்பவள். அதனால் எங்கள் பேச்சைச் சினிமா எப்படிக் கேட்டது, எப்படித் திருப்பிச் சொன்னது என்பதை மைக்கின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்தக் கதையை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பேச்சு எப்படி உண்டானது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் நடிப்பை எடைபோட முடியாது.

வடசென்னையில் பரம்பரையாக ஒரே இடத்தில் இருந்தவர்கள் என்றால் கடற்கரைக் குப்பத்து மக்களைச் சொல்லலாம். மற்றவர்கள் வேலை தேடி வந்தவர்கள். டோல்கேட்டுக்கு அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கோலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதன் பிறகு துறைமுகம் வந்தது, கிடங்குகள் வந்தன, மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டது. பெரம்பூரில் பின்னி ஆலைகள். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1955-ல் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கர், வட ஆற்காடு செங்கல்பட்டு உழவுக் குடும்பங்கள், உருது பேசும் முஸ்லிம்கள், ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர்கள், அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறிய தமிழர்கள் எல்லாரும் ஒரே ஷிஃப்டில், ஒரே டீக்கடையில் நின்றார்கள். நாஷ்டாவும் தபாவும் உஷாரும் உருதுப் பக்கத்திலிருந்து வந்தன. நைனாவும் டப்பும் தெலுங்குப் பக்கத்திலிருந்து வந்தன. வெளியூர்க்காரர்களுக்கு மெட்ராஸ் பாஷை என்றால் இந்தச் சொற்கள்தாம். எங்களுக்கு அது வேறு.

என் ஆயா காலையில் தெருமுனையில் ஆப்பம் சுட்டு விற்றவர். ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் நாஷ்டா. அவரிடம் வாங்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவர் கேட்பது இப்படி இருக்கும்: “இன்னாமே, ராவு வந்துச்சா ஊட்டுக்காரரு? துன்ட்டாரா, இல்ல இன்னும் மூஞ்சிய தூக்கினுதான் கீறாரா?” எழுதிப் பார்த்தால் சண்டை மாதிரி இருக்கிறது. ஆயா அதைக் கேட்கும்போது குரல் கீழே இறங்கும். ஆப்பச் சட்டியிலிருந்து கண் எடுக்கமாட்டார். ‘இன்னாமே’ என்பதில் இழுப்பே கிடையாது, சட்டென்று முடிந்துவிடும். கடைசி ‘கீறாரா’வில்தான் கொஞ்சம் நீளம். அந்த நீளத்தில் அக்கறை இருக்கும். கேட்கப்பட்ட பெண்ணுக்குக் கண் கலங்கிவிடும்.

இந்த இடத்தைத்தான் சினிமா தவறவிட்டது என்று நான் சொல்கிறேன். கொங்கு நாட்டில் மரியாதையை ‘ங்க’ சுமக்கும். தஞ்சாவூரில் வேறு விதமான நயம் உண்டு. எங்கள் பேச்சில், எதிரில் இருப்பவரிடம் பேசும்போது, வினைமுற்றில் மரியாதை தெரியாது. பெற்ற தகப்பனையே “நைனா, நீ துன்னியா?” என்று கேட்போம். மரியாதை குரலில் இருக்கும், வேகத்தில் இருக்கும், பேச்சுக்கு முன்னால் விடும் சிறு இடைவெளியில் இருக்கும். சொல்லை மட்டும் எடுத்து, குரலை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது அதட்டல்தான். அதைத்தான் தமிழ்நாடு பல வருஷம் கேட்டது. எங்கள் ஆட்கள் மரியாதை தெரியாதவர்கள் என்கிற பெயர் பாதி அங்கிருந்து வந்தது.

அதே போல எழுத்து விழுங்குவது. எடுத்து என்பது ‘எட்த்து’. ஒருத்தன் என்பது ‘ஒர்த்தன்’. கொடுத்துவிட்டான் என்பது ‘குட்த்துட்டான்’. உயிர் எழுத்தை நடுவில் அழுத்திவிட்டு மெய்யின் மேல் ஏறி ஓடுகிற பேச்சு இது. இதில் ‘ழ’ பாதி நேரம் ‘ய’ ஆகும், பாதி நேரம் ‘ள’ ஆகும். என் ஆயாவுக்கு மழை ‘மய’. நைனாவுக்குக் கோழி சில நாள் ‘கோயி’, சில நாள் ‘கோளி’. தன் பேச்சைப் பேசுகிறவருக்கு இந்தத் தடுமாற்றம் இயல்பு. நடிகர்களிடம் அது இருக்காது. வசனத் தாளில் இருக்கும் ஒவ்வொரு ‘ழ’வையும் தேடிப் பிடித்து ‘ய’ ஆக்குவார்கள். அந்த ஒழுங்கே காட்டிக் கொடுத்துவிடும்.

சந்திரபாபுவுக்குப் பின் இந்தப் பேச்சு நகைச்சுவை நடிகர்களின் சொத்தாயிற்று. 1963-ல் ‘பார் மகளே பார்’ படத்தில் மெக்கானிக்காக சோ ராமசாமி வந்தார். வக்கீல் படித்தவர், நாடக மேடையிலிருந்து வந்தவர். அவர் மெட்ராஸ் பாஷை பேசும்போது, அறிவாளி ஒருவர் விளையாட்டாகப் பேசுகிறார் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். வேகம் சரி, சூடும் சரி. ஆனால் அந்த மெக்கானிக்குக்கு வீட்டில் ஒரு அம்மா இருப்பதாகத் தோன்றாது. 1968-ல் ‘பொம்மலாட்டம்’. அதில் மனோரமா வி. குமாரின் இசையில் சொந்தக் குரலில் மெட்ராஸ் பாஷையிலேயே ஒரு பாட்டுப் பாடினார். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர். அவர் குரலில் அந்தக் கொஞ்சலும் மிரட்டலும் ஒரே வரியில் மாறி மாறி வரும். எங்கள் தெருப் பெண்கள் பேசுவதும் அப்படித்தான். வேலை செய்துகொண்டே பேசுகிறவர்களுக்குக் கோபத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாது. கோபமும் பிரியமும் ஒன்றாகத்தான் வரும். மனோரமாவுக்கு அது புரிந்திருந்தது. பழைய ஆட்களில் எனக்கு அவர்தான் முதல்.

தேங்காய் சீனிவாசன் வேறு ரகம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து சின்ன வயதிலேயே சென்னைக்கு வந்தவர். ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். தொழிற்சாலை கேண்டீனில் காது திறந்து வைத்திருந்தவருக்கு இந்தப் பேச்சைத் தனியாகக் கற்கத் தேவை இருந்திருக்காது. 1972-ல் சித்ராலயா கோபுவின் ‘காசேதான் கடவுளடா’வில் டீக்கடைக்காரர் சாமியார் வேஷம் போடுவார். சாமியாராக உட்கார்ந்திருக்கும்போதே டீக்கடைக்காரரின் பேச்சு வெளியே எட்டிப் பார்க்கும், அவர் அதை உள்ளே இழுத்துக்கொள்வார். ஒரு வாயில் இரண்டு தமிழ். அதைச் செய்ய இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் லூஸ் மோகன். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு பேச்சை வைத்தே பிழைத்தவர், 2012-ல் காலமானார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடங்கள் சின்னச் சின்ன வேடங்கள். தட்டுக்கடை, சைக்கிள் கடை, இரண்டு வசனம், போய்விடுவார். ஆனால் அந்த இரண்டு வசனமும் சுத்தமாக இருக்கும். படம் முழுக்கப் பேச அவருக்கு யாரும் இடம் தரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தக் காலத்தில் கதாநாயகன் இந்தப் பேச்சைப் பேசவேமாட்டான். ‘படகோட்டி’ 1964-ல் வந்தது. மீனவர்களின் கதை. எம்.ஜி.ஆர். பேசுவது மேடைத் தமிழ். 1971-ல் ‘ரிக்ஷாக்காரன்’. சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிற அந்த வேடத்துக்கு அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ரிக்ஷா ஸ்டாண்டுகளில் அவர் படம் மாட்டியிருந்த காலம். இரண்டு வருஷம் கழித்து, 1973-ல், கலைஞர் அரசு மனிதன் இழுக்கும் கை ரிக்ஷாவை ஒழித்தது. ஆக ரிக்ஷாத் தொழிலாளியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதும் படத்தின் ரிக்ஷாக்காரர் நல்ல தமிழ்தான் பேசினார். எங்கள் ஆட்கள் அதில் குறை காணவில்லை. நைனாவிடம் கேட்டபோது, “அவுரு எதுக்கு நம்ம மாரி பேசணும்? நம்மதான் அவுரு மாரி பேசக் கத்துக்கணும்” என்றார். அந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திராவிட இயக்கம் மேடையில் கொண்டுவந்த தமிழ், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் ஒரு நிமிர்வைக் கொடுத்தது. தன்னை மாதிரி ஒருவன் அந்தத் தமிழைப் பேசுகிறான் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் அதன் விலையாக, அவர் வீட்டில் பேசிய தமிழ் சிரிப்புக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு மனிதர் அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி யோசித்தார். ஜெயகாந்தன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து சென்னைக்கு வந்து, சேரி மக்களோடு பழகி, அவர்கள் பேச்சைக் கதைகளில் எழுதியவர். 1965-ல் தன் கதையைத் தானே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று படமாக எடுத்தார். குடிசைவாசிகளின் துக்கத்தை அவர்கள் பேச்சிலேயே சொன்ன படம். தேசிய விருது கிடைத்தது, தியேட்டரில் ஓடவில்லை. சிரிப்பதற்கு மட்டும் இருந்த பேச்சில் அழவும் முடியும் என்று அவர் காட்டியதை அடுத்து எடுத்துப்போக, தமிழ் சினிமாவில் பல வருஷங்களுக்கு யாரும் வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியும் துறைமுகத்தை ஒட்டியதுதான். அங்கே உழைக்கும் மக்கள் பேசுவது காக்னி. 1964-ல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் புகைபோக்கி சுத்தம் செய்பவராக அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் பேசிய காக்னி, சினிமாவின் மிக மோசமான உச்சரிப்புகளில் ஒன்று என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. 2017-ல் அவரே அதற்காக மன்னிப்புக் கேட்டார். தனக்குப் பயிற்சி தந்தவருக்கே அது சரியாக வராது என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே அறுபதுகளில் லண்டனில் மைக்கேல் கெய்ன் என்று ஒருவர் வந்தார். அவருடைய அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட்டில் மீன் கூடை சுமந்தவர். மகன் அந்த வீட்டுப் பேச்சை மாற்றிக்கொள்ளாமலேயே 1966-ல் ‘ஆல்ஃபி’ படத்தின் கதாநாயகன் ஆனார். காசிமேட்டில் மீன் கூடை சுமந்தவர் மகன் ஒருவர் தன் வீட்டுப் பேச்சோடு கோடம்பாக்கத்தில் அந்த இடத்துக்கு வந்த கதை எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் இல்லை.

கதாநாயகன் இந்தப் பேச்சைப் பேசலாம் என்று ஆக்கியவர்களில் கமல்ஹாசன் முக்கியமானவர். 1978-ல் ‘சட்டம் என் கையில்’ படத்திலேயே தொடங்கிவிட்டார். 1990-ல் ‘மைக்கேல் மதன காம ராஜன்’ நான்கு வேடம். அதில் சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழைத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். நான் தீயணைப்பு வீரர் ராஜுவைச் சொல்வேன். அவர் காதலிக்கும்போதும் மெட்ராஸ் பாஷையில்தான் காதலிக்கிறார். எங்கள் பேச்சில் பிரியம் சொல்ல முடியும் என்று அகஸ்தியா தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த எங்கள் தெருப் பெண்களுக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் மூடிவிட்டது. 2004-ல் வந்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ இந்திப் படத்தின் மறு ஆக்கம். அங்கே பம்பாய்த் தெருப்பேச்சு இருந்த இடத்தில் இங்கே மெட்ராஸ் பாஷை. கிரேஸி மோகனின் வசனத்தில் சிலேடை முந்திக்கொண்டு ஓடும், பேச்சு பின்னால் வரும். சிரிக்கலாம், ஆனால் ராஜுவிடம் இருந்த வீடு வசூல்ராஜாவிடம் இல்லை.

அதே கமல் 2015-ல் ‘பாபநாசம்’ படத்தில் நெல்லைத் தமிழ் பேசியபோது வசனம் எழுதியவர் ஜெயமோகன். பேச்சுப் பழக்க நெல்லைக்காரரான எழுத்தாளர் சுகா கூடவே இருந்தார். நல்ல காரியம். நெல்லைக்கு ஆசான் வைக்கிற சினிமா எங்கள் பேச்சுக்கு ஏன் வைப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். பதில் எளிது. சென்னையில் இருக்கிற எல்லாரும் தங்களுக்கு மெட்ராஸ் பாஷை தெரியும் என்று நினைக்கிறார்கள். ஆட்டோவில் போயிருக்கிறார்கள், மீன் வாங்கியிருக்கிறார்கள், போதாதா? வடபழனியிலிருந்து டோல்கேட் எத்தனை தூரம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் தொழிலில் இதைத் தினமும் பார்ப்போம். படப்பிடிப்பில் பதிவாகும் குரல் பெரும்பாலும் வழிகாட்டிதான். பிறகு டப்பிங் தியேட்டரில் உதட்டுக்குப் பேச்சை ஒட்ட வேண்டும். முன்பெல்லாம் பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி வளையமாக ஒட்டி, அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடும். அதற்கு லூப் என்று பெயர். இப்போது கம்ப்யூட்டர். கும்பல் காட்சி என்றால் பத்துப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். குப்பத்துக் காட்சி என்றால் உள்ளே இருந்து குரல் வரும்: “கொஞ்சம் லோக்கலா பேசுங்கம்மா.” நான் ஆயா பேசின மாதிரிப் பேசுவேன். “இன்னும் லோக்கலா.” கூட நிற்கிற பெண் கத்துவாள். “ஆங், இதுதான்!” என்பார்கள். கத்தினால்தான் குப்பம் என்று ஒரு இயக்குநர் மனதில் படிந்திருந்தால், பத்துப் பேர் நின்று அவருக்கு அதைத்தான் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு படத்தில் தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் வரிசையில் ஒரு கெட்ட வார்த்தை சேர்க்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் தண்ணி லாரி வரும்போது பெண்கள் முதலில் பார்ப்பது குடம் ஓட்டையா இல்லையா என்பதை. யாருடைய குடம் முன்னால் வந்தது என்பதற்குச் சண்டை வரும், உண்மைதான். ஆனால் அந்தச் சண்டையில் சட்டம் பேசுவார்கள். “நேத்து உனக்கு முந்தி நான் குட்த்தேன்ல, இன்னிக்கி நீ குட்” என்று கணக்குப் பேசுவார்கள். கணக்குப் பேச்சை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

ஒரே படத்தில் பேச்சும் குரலும் முகமும் வேறு வேறாக இருப்பது எங்கள் சினிமாவில் புதிதில்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்திலேயே நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினார். 2011-ல் வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ படத்தில் மதுரைச் சேவல் சண்டைக்காரர் பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். குரல் கொடுத்தவர் ராதாரவி. முகம் யாழ்ப்பாணத்தவருடையது, குரல் இன்னொருவருடையது, பேச்சு மதுரை. மூன்றும் ஒட்டிக்கொண்டன. இதைச் செய்ய முடிகிற தொழில் எங்கள் தொழில். அதனால்தான் சரியாகச் செய்யாதபோது எனக்குக் கோபம் வருகிறது. கருவி கையில் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சிரிப்புக்காரரின் வாயிலிருந்து இந்தப் பேச்சு ரவுடியின் வாய்க்குப் போனது. 2006-ல் ‘புதுப்பேட்டை’, அடுத்த வருஷம் ‘பொல்லாதவன்’. நல்ல படங்கள்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது கத்தியை மட்டும். வண்ணாரப்பேட்டை என்று ஒரு பெயர்ப்பலகை காட்டி, ஒரு தாடிக்காரரை உறும விட்டால் வடசென்னை வந்துவிடும் என்று ஆனது. வேலைக்கு நேர்காணலுக்குப் போன எங்கள் தெருப் பையன் தன் முகவரியை டோல்கேட் என்று சொல்லாமல் தண்டையார்பேட்டை நெடுஞ்சாலை என்று சொன்னான். கேட்டால், “அங்க வெட்டு குத்தாமேன்னு கேக்கறாங்க அத்தே” என்றான்.

மாற்றத்தைப் பா. இரஞ்சித் கொண்டுவந்தார். 2014-ல் ‘மெட்ராஸ்’. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. நாயகன் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன், பந்து விளையாடுகிறவன். வேலைக்குப் போய்விட்டு வந்து நண்பர்களோடு இந்தப் பேச்சைப் பேசுகிறான். ஐடி கார்டு மாட்டியவன் வாயில் மெட்ராஸ் பாஷை! எங்கள் வீடுகளில் அது சாதாரணம், திரையில் புதிது. கார்த்தி நன்றாகத்தான் செய்தார். ஆனால் அந்தப் படத்தில் என்னை நிறுத்தி வைத்தது காளியின் நண்பன் அன்புவின் மனைவி மேரியாக வந்த ரித்விகா. அவர் புருஷனோடு பேசும் காட்சிகளில் அதட்டல் கிடையாது, குரல் இறங்கிப் பேசுகிறார். ஆயாவின் குரல் இறங்குவதை முதல்முறையாகத் திரையில் கேட்டேன்.

அடுத்த வருஷம் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. நடிப்புப் பின்னணி எதுவும் இல்லாத இரண்டு பையன்கள், விக்னேஷ், ரமேஷ். இரண்டு பேருக்கும் குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது. அவர்கள் பேச்சில் எழுத்து விழுங்குவதும், ‘ழ’ தடுமாறுவதும், பேசாமல் இருக்கும் இடமும் எல்லாம் தானாக வந்தன. அவர்களின் அம்மாவாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷ் அந்தப் பையன்களின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டார். அவரே 2018-ல் ‘வட சென்னை’யில் பத்மாவாக வந்து வேறு வேகத்தில் பேசினார். அந்தப் படத்தில் மதுரைக்காரரான அமீர் ராஜனாக வந்தார். தலைவனாக இருப்பவன் குரலை உயர்த்தமாட்டான் என்பது தெரிந்து நடித்தார். ஆனால் படத்தில் கெட்ட வார்த்தை ஓடுகிற ஓட்டத்தில் அவருடைய அமைதி பலர் காதில் விழவில்லை.

2021 ஜூலையில் ‘சார்பட்டா பரம்பரை’. எழுபதுகளின் ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை. சார்பட்டா, இடியாப்பம் என்று பரம்பரை பிரித்துச் சண்டை போட்ட காலம். இயக்கிய பா. இரஞ்சித்தோடு சேர்ந்து எழுதியவர் தமிழ்ப் பிரபா. சிந்தாதிரிப்பேட்டையைக் களமாக்கி ‘பேட்டை’ நாவல் எழுதியவர். எங்கள் பேச்சைப் பேச்சாகவே எழுதத் தெரிந்த ஒருவர் வசனத் தாளில் உட்கார்ந்ததன் பலன் படம் முழுக்கத் தெரிந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலனாக நடித்த ஆர்யா கேரளத்துக்காரர். மாரியம்மாவாக வந்த துஷாரா விஜயன் திண்டுக்கல். ஜான் விஜயின் ‘டாடி’ ஆங்கிலத்தையும் மெட்ராஸையும் ஒரே மூச்சில் கலக்கும்போது, ராயபுரத்து ஆங்கிலோ இந்தியத் தாத்தாக்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

ஆனால் படம் ரங்கன் வாத்தியாருடையது. கபிலனின் பயிற்சியாளரான அந்த வேடத்தில் வந்த பசுபதி, கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகியவர். 2004-ல் ‘விருமாண்டி’யில் மதுரைப் பக்கத்துக் கொத்தாளத் தேவராக வந்து மிரட்டியவர். அதே தொண்டைதான். சார்பட்டாவில் அவர் ரிங்குக்கு வெளியே நின்றபடி கபிலனுக்குச் சொல்லும் யோசனைகளைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு மெட்ராஸ் சொல்லையும் அழுத்திச் சொல்லமாட்டார். சொற்கள் நாக்கிலிருந்து நழுவி விழும். நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் பிடித்துப்போகிற காட்சியிலும் அதே அமைதி. மரியாதை கொடுக்கிற பேச்சு, மரியாதை வாங்குகிற பேச்சு. எங்கள் பக்கத்து சங்கத் தலைவர்கள், கேரம் போர்டு வாத்தியார்கள், பழைய கட்சிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். 1958-ல் சந்திரபாபு காதால் பிடித்த அந்த மூச்சுக்கு, ஒரு பெரிய மனுஷனின் உடம்பு கிடைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நைனா அந்தப் படத்தை என் செல்போனில்தான் பார்த்தார். பசுபதி பேசும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். “இவுரு நம்ம பக்கமா?” என்று கேட்டார்.

இன்னும் வராத பேச்சு நிறைய உண்டு. தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிக்கும் கிழவிகள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பேச்சில் வேறு ஒரு சாயல் கேட்கும். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற பெண்கள் வாக்கிடாக்கியில் ஒரு தமிழும், மதியச் சோற்று நேரத்தில் ஒரு தமிழும் பேசுகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் இருக்கிறார். பள்ளிக்கூட கேட் வரைக்கும் “என்ன செய்றீங்க, வரிசையா போங்க” என்பார். வீட்டுத் தெரு திரும்பியதும், “இன்னாடா பண்ணினு கீறே, ஊட்டுக்குப் போ” என்பார். இரண்டும் அவர் சொந்தப் பேச்சு. எந்த இடத்தில், யார் முகத்தைப் பார்த்ததும் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்பதை ஒரு நடிகை திரையில் செய்துகாட்டி நான் இன்னும் பார்க்கவில்லை.